தளியில் வளரும் பனிநாய்: கோடையைத் தாண்டுமா, கால்கரிக்குப் போகுமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் தளிக்குப் பக்கத்தில் ரோஜா பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூரை போட்ட பூக்கொட்டகை) வைத்திருக்கிறோம். பெங்களூரில் வேலை பார்த்த என் மகன் போன வருடம் அலாஸ்கன் மலமூட் என்ற பனிநாய்க் குட்டி ஒன்றை வாங்கினான். இப்போது அவனுக்குக் கனடாவில் கால்கரி நகரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நாய் எங்களிடம் இருக்கிறது. வயது ஒன்பது மாதம், எடை 34 கிலோ. மகன் வைத்த பெயர் லியோ, என் மாமியார் கூப்பிடுவது கரடி. ராகிக் களியும் பாலும் போடுகிறோம், ஞாயிற்றுக்கிழமை கோழி. நான்கு நாட்டுக்கோழிகளைப் பிடித்துவிட்டது. மாமரத்தடியில் குழி குழியாகத் தோண்டுகிறது. ராத்திரியில் ஊளையிடுகிறது, ஊரில் சகுனம் சரியில்லை என்கிறார்கள். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தோல் தடித்துப் பொருக்கு விடுகிறது. கோடை வருகிறதே, மொட்டை அடித்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். தளி குளிர்ச்சியான ஊர்தானே, சமாளித்துவிடுமா? டிசம்பரில் வந்து கூட்டிப்போவதாக மகன் சொல்கிறான். இங்கே வளர்ந்த நாய் அங்கே மைனஸ் 30 டிகிரியைத் தாங்குமா? எங்களோடு இருப்பது நல்லதா, அவனோடு போவது நல்லதா?

- ஒரு வாசகி, தளி

பதில்: அம்மா, வணக்கம். மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் அந்த மெஷினைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மொட்டை அடிக்கவே கூடாது.

லியோவின் உடம்பில் இரண்டு அடுக்கு முடி இருக்கிறது. விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், தெரியும். தோலை ஒட்டிப் பஞ்சு மாதிரி அடிமுடி, அதற்கு மேல் முரட்டு நீளமுடி. வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கிறானே என்று நமக்குப் பரிதாபமாக இருக்கும். ஆனால் அவனுக்கு அந்த நீளமுடிதான் கூரை. மேலே விழுகிற வெயிலைத் தோலில் இறங்கவிடாது. நமக்கு மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி உள்ளே இருக்கும் சூடு நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போதுதான் வெளியே போகும். மொட்டை அடித்தால் கிடைக்கிற குளிர்ச்சி சொற்பம், தோல் வெந்துபோவதுதான் மிச்சம். இன்னொன்றும் இருக்கிறது. இந்த வடதேசத்து இனங்களுக்கு ஒட்ட வெட்டிய முடி சில சமயம் மாதக்கணக்கில் முளைக்காது. வேலைக்கு வந்த புதிதில் ஹஸ்கி என்ற இன்னொரு பனிநாய் இனத்தில் ஒன்றுக்கு நானே மொட்டை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் அது எலி கடித்த சாக்கு மாதிரி திட்டுத்திட்டாகத் திரிந்தது. அதன் சொந்தக்காரர் இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் சொல்லிக்காட்டுவார். சொல்லட்டும், தப்பு என்னுடையது.

வெட்டுவதற்குப் பதில் சீவுங்கள். வருடத்தில் இரண்டு தடவை அடிமுடி கொத்துக்கொத்தாகக் கழன்று வரும், வீடெல்லாம் இலவம்பஞ்சு பறக்கிற மாதிரி இருக்கும். அந்தச் சமயத்தில் தினமும் அகலப் பல் சீப்பால் தோல்வரை சீவி எடுத்துவிட்டால் உள்ளே காற்று போகும். சீவாமல் விட்டால் அது கம்பளியாகவே திரண்டு, அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். அதே காரணத்துக்காக அடிக்கடி குளிப்பாட்டவும் வேண்டாம். குளிப்பாட்டினால் அடிமுடி காயும்வரை துவட்டுங்கள். சீவும்போது காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவு அடர்ந்த முடிக்குள் நூறு உண்ணி குடியிருந்தாலும் வெளியே தெரியாது. உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்த பிறகு தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். மாதாமாதம் உண்ணி மருந்து தவறக் கூடாது.

அடுத்து அந்தப் பொருக்கு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அதுதான். பக்கத்தில் யாராவது சொறி என்று சொல்லிக் கழிவு ஆயில் தடவச் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து தடவாதீர்கள். நக்கி விழுங்கினால் அது விஷம். கண்ணைச் சுற்றி, வாயோரம், பாதம் என்று குறிப்பிட்ட இடங்களில் மட்டும் இப்படித் தடித்துப் பொருக்கு விடுவதற்கு மலமூட், ஹஸ்கி இரண்டு இனத்திலும் பேர்போன ஒரு காரணம் உண்டு. துத்தநாகக் குறை, அதாவது மருந்துக்கடையில் ஜிங்க் என்பார்களே அது. சாப்பாட்டில் இருக்கிற துத்தநாகத்தைக் குடல் சரியாக உறிஞ்சாத பிறவிக் கோளாறு இந்த இனங்களில் சில நாய்களுக்கு இருக்கிறது. அந்தக் கோளாறு இருக்கும் நாய்க்கு நாம் போடும் சாப்பாடும் எதிராக நின்றால் நோய் சீக்கிரம் வெளியே வரும்.

எதிராக நிற்கும் சாப்பாடு எது தெரியுமா? உங்கள் ராகிக் களியேதான். சொல்லவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரன் யாராவது களியைக் குறை சொல்வானா? தலைமுறை தலைமுறையாக நம் ஊர்க் காவல்நாய்கள் களி தின்றுதான் வளர்ந்தன. ஆனால் ராகிக்கு நாம் பெருமை கொள்ளும் குணமே இங்கே பிரச்சினை. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கூடவே தானியங்களில் இருக்கும் பைட்டேட் என்ற பொருளும் உண்டு. இரண்டும் சேர்ந்து துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலுக்குக் கொடுக்காது. அதன் மேல் நீங்கள் பாலும் ஊற்றுகிறீர்கள், அதிலும் சுண்ணாம்புச் சத்துதான். நம் ஊர் நாய்க்கு இது ஒன்றும் செய்யாது. லியோவுக்குச் செய்திருக்கலாம். செய்திருக்கலாம் என்று இழுப்பதற்குக் காரணம், தோலைச் சுரண்டிப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன். சொறிப்பூச்சியும் படையும் இதே மாதிரி தோன்றக்கூடியவை. ஜிங்க் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், அளவு மீறினால் அதுவும் விஷம். சரியான அளவில் கொடுத்தால் நான்கைந்து வாரத்தில் பொருக்கு உதிர்ந்து முடி முளைக்கத் தொடங்கும். சில நாய்களுக்கு ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதுவரைக்கும் காத்திருக்காமல் சாப்பாட்டை இன்றைக்கே மாற்றத் தொடங்குங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே விற்கும் தீவனம் பதினைந்து மாதம்வரை நல்லது, அதில் சுண்ணாம்பு அளவோடு இருக்கும். வேகமாக வளர்கிற பெரிய எலும்புக்குச் சுண்ணாம்பு கூடினாலும் கோணல் வரும், இடுப்பு மூட்டுக்கும் ஆகாது. முழுக்கத் தீவனம் கட்டுப்படியாகாது என்றால் பாதி அது, பாதி சோறும் வேகவைத்த கோழியும் முட்டையும் போடுங்கள். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச்சோறு வேண்டாம். பனிநாய்க்குக் கொழுப்பு வேண்டுமாமே என்று ஆட்டுக்கொழுப்பை உருக்கி ஊற்றிய ஒருவர் எனக்குத் தெரியும். அலாஸ்காவில் பந்தயத்தில் ஓடும் நாய் நாளுக்கு 10,000 கலோரிக்கு மேல் எரிக்கும், அதற்குக் கொழுப்பு வேண்டும். உங்கள் லியோவுக்கு 1,600 முதல் 2,000 கலோரி போதும். மலமூட் கொஞ்சம் தின்று நிறைய நாள் ஓட்டுகிற ஜாதி. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுதான் அளவு.

சரி, தளி குளிர்ச்சியான ஊரா? நமக்குக் குளிர்ச்சிதான். குட்டி இங்கிலாந்து என்று சும்மா பெயர் வரவில்லை. மார்கழி விடியலில் 13, 14 டிகிரிக்கு இறங்கும், நாம் குல்லாய் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவோம். மலமூட் இனம் உருவானது அலாஸ்காவில் கோட்ஸெபூ என்ற கடற்கரைப் பகுதியில். அந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்களில் ஒரு பிரிவினரான மலமூட்டுகள் வளர்த்த நாய் என்பதால் அந்தப் பெயர். அங்கே ஜூலை மாதத்துப் பகலிலேயே ஏறக்குறைய 15 டிகிரிதான் இருக்கும். நம்முடைய நடுங்கும் மார்கழி விடியல், அவன் பாட்டன் ஊரில் நடுக்கோடை மத்தியானம். அங்கே பனிவண்டி நாய்களைப் பழக்குகிறவர்கள் கோடையில் நாய்களை ஓய்வாக விட்டுவிட்டுக் காற்று குளிர்ந்த பிறகுதான் மறுபடி இழுக்க விடுவார்கள். நம் பங்குனி, சித்திரையில் ஓசூர்ப் பக்கம் 35 டிகிரியைத் தொடுகிறது. கிருஷ்ணகிரிக்குக் கீழே இறங்கினால் அதற்கும் மேல். எனவே தளி என்ற பெயரை நம்பி அவனை வெயிலில் விடாதீர்கள்.

தமிழ்நாடு அரசு 2024இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட இனங்களில் மலமூட்டும் ஹஸ்கியும் இருக்கின்றன. வாங்கியது வாங்கியாகிவிட்டது, உங்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் ஜோடி சேர்த்துக் குட்டி எடுக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் உடனே மறுத்துவிடுங்கள்.

கோடையைத் தாண்ட உங்கள் தோட்டத்திலேயே வழி இருக்கிறது. மாமரத்தடியில் தோண்டுகிறானே, அது குறும்பு இல்லை. ஒரு முழம் கீழே மண் குளிர்ந்திருக்கும், அதைத் தேடுகிறான். வேரைத் தாண்டி ஓர் இடத்தைக் காட்டி, மணல் கொட்டி, காலையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். அங்கேயே தோண்டிப் படுக்கட்டும். பாலிஹவுஸுக்குப் புகை மாதிரி தண்ணீர் தெளிக்கும் ஃபாகர் போட்டிருப்பீர்கள் அல்லவா, அதில் ஒரு நாசிலை இழுத்து மரத்தடியில் மாட்டி எதிரே ஒரு ஃபேன் வைத்தால் உலர்ந்த வெயிலுக்கு அதைவிடச் சுகம் வேறில்லை. வயிறு நனையும் அளவுக்கு ஒரு சிமெண்ட் தொட்டி வையுங்கள். தகரக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மத்தியான நேரத்தில் பூட்டிய கார் மூன்றும் கூடவே கூடாது. பாலிஹவுஸுக்குள்ளும் விடாதீர்கள். வேக்காடு ஒருபக்கம், ரோஜாவுக்கு அடிக்கும் பூச்சிமருந்து இன்னொரு பக்கம். மருந்து கலக்கிய வாளியைக் கழுவி கவிழ்த்து வைப்பதை இனி நீங்களே நின்று பாருங்கள், ஆட்களை நம்பி விட வேண்டாம்.

ஆடி மழை தொடங்கியதும் ஆசுவாசமாக இருந்துவிடக் கூடாது. காற்றில் ஈரம் கூடினால் இரைப்பதால் சூடு வெளியேறுவது குறையும். 28 டிகிரி புழுக்கம் சில சமயம் 33 டிகிரி காய்ந்த வெயிலைவிட மோசம்.

வெப்பம் தாக்கினால் இரைப்பு நிற்காது. எச்சில் கெட்டியாக வழியும், ஈறு செங்கல் நிறமாகும், நடை தள்ளாடும், வாந்தியும் வரலாம். நாயின் சாதாரண உடல்சூடு 38 முதல் 39.2 டிகிரிவரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அந்த நிலையில் எனக்குப் போன் செய்துகொண்டோ வண்டி தேடிக்கொண்டோ நிற்காதீர்கள். முதலில் நிழலுக்கு இழுத்துப்போய் மோட்டார் பைப்பைத் திறந்து உடம்பு முழுக்கத் தண்ணீர் விடுங்கள். விரலால் முடியைப் பிளந்து தோலில் படும்படி விட வேண்டும், மேலே ஊற்றினால் இந்த முடியில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். கூடவே காற்று படவேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விடக் கூடாது, கொஞ்ச நேரத்தில் துணியே சூடாகி வெந்நீர் ஒத்தடமாகிவிடும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். சூடு 39.5க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். குளிரவைக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்களில் பாதிப் பேரின் நாய்களை எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. எழுந்து நடமாடினாலும் கொண்டுவந்து காட்டியே ஆக வேண்டும், உள்ளே சிறுநீரகம் கெட்டிருப்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

இப்போது கோழிக்கும் ஊளைக்கும் வருகிறேன். உங்கள் கேள்வி முழுக்கக் குளிரைப் பற்றியே இருக்கிறது. லியோவுக்குப் பாதிக் குறை குளிர் என்றால், மீதிக் குறை வேலை.

ஆலம்பாடி மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரும் பாரமும் இழுப்பதற்கென்றே நம் பக்கத்தில் உருவான மாடு. அதைக் கொழுக்கத் தீனி போட்டு ஆறு மாதம் தொழுவத்தில் கட்டிவைத்தால் என்ன ஆகும்? கட்டுத்தறியைப் பிடுங்கும். மலமூட்டும் அப்படித்தான். பனிநாய்களிலேயே இரண்டு வகை உண்டு. ஹஸ்கி ரேக்ளா மாடு, சின்ன உடம்பு, குறைந்த பாரம், நெடுந்தூர ஓட்டம். மலமூட் பார வண்டி மாடு, மெதுவாகப் போகும், ஆனால் மலையையே இழுக்கும். 1925இல் அலாஸ்காவின் நோம் ஊருக்குத் தொண்டை அடைப்பான் மருந்தைக் கொண்டுபோன கதையை உங்கள் மகன் சொல்லியிருப்பான். அதில் பேர் வாங்கிய பால்டோவும் டோகோவும் ஹஸ்கிகள். ஏறக்குறைய 1,085 கிலோமீட்டரை ஐந்தரை நாளில் கடந்தார்கள். அதையும் ஒரே கூட்டம் ஓடவில்லை, இருபது வண்டிக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். ஓட்டமும் ஓய்வும் மாறி மாறித்தான் அந்த நாய்களின் வாழ்க்கை. லியோவுக்கு இப்போது வெறும் ஓய்வு மட்டும்தான். மிச்சப்படுகிற பலம் கோழி மேல் பாய்கிறது. ஊளைக்கும் சகுனத்துக்கும் சம்பந்தமில்லை. இந்த ஜாதி குரைப்பது குறைவு, ஊளைதான் அதன் பேச்சு. கூட்டமாக வாழ்ந்த நாய், மகன் போனதும் தனியாகிவிட்டது. ராத்திரி வீட்டுக்குள், உங்கள் குரல் கேட்கும் இடத்தில் படுக்கவிடுங்கள். ஊளை பாதியாகக் குறையும்.

உள்ளே படுக்கவிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் சிறுத்தை முதலில் தூக்குவது வெளியே கட்டிப்போட்ட நாயைத்தான். இவ்வளவு பெரிய நாயை எப்படித் தூக்கும் என்று நினைக்காதீர்கள், சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு உடம்பு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. அப்புறம் இவன் காவலுக்கும் ஆகமாட்டான். திருடன் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு கூடவே போவான். காவலுக்கு ஒரு சிப்பிப்பாறையோ நாட்டுநாயோ தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படிக் கொடுப்பது? கோடையில் விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு ஏழுக்குள் திரும்பிவிட வேண்டும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அவன் பாதத்துக்கும் சுடும். மண்பாதை நல்லது. பைக்கில் கட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அதைச் செய்யாதீர்கள். கழுத்துப்பட்டையில் இழுக்கவிட்டால் குரல்வளை நசுங்கும். நெஞ்சிலும் தோளிலும் பாரம் இறங்குகிற மாதிரி ஹார்னஸ் வேண்டும். ஓசூரில் பை தைக்கிறவரிடம் அகல நைலான் பட்டையும் உள்ளே மெத்தையும் கொடுத்தால் தைத்துவிடுவார். எலும்பு முதிர ஒன்றரை வயதாகும், அதுவரை பாரம் வேண்டாம். வெறும் ஹார்னஸோடு நடை, பிறகு பின்னால் ஒரு காலி சாக்கு அல்லது சின்ன விறகுக்கட்டை சத்தமிட்டுக்கொண்டு வரப் பழக்குவது, "நில்", "போ", "இடது", "வலது" கற்றுக்கொடுப்பது, இது போதும். மூளைக்கு வேலை கொடுத்தாலே பாதிக் களைப்பு வந்துவிடும். ஒன்றரை வயதுக்கு மேல் புல்லுக்கட்டு ஏற்றிய சின்னத் தள்ளுவண்டியை மார்கழி, தை விடியலில் இழுக்கவிடுங்கள். அவன் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். சாப்பிட்ட உடனே நடை வேண்டாம், நடந்த உடனே சாப்பாடும் வேண்டாம். இந்த அளவு உடம்புக்கு வயிறு முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் ஆள் காலி.

ஐப்பசியில் இருந்து தைவரை ராகி முற்றும் காலம். பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைகள் தளிக் காட்டுக்குள் இறங்குவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மாதங்களில் வெளிச்சம் வந்த பிறகே புறப்படுங்கள், கயிற்றை விடவே விடாதீர்கள். நாய் யானையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு ஓடும், யானை திரும்பியதும் நேராக உங்களிடம்தான் ஓடிவரும். யானையும் பின்னாலேயே வரும்.

கோழிக்கு ஒரே வழி வேலி. ஆறடி உயர வலை, அடியில் ஒரு முழம் மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அடித்துத் திருத்த முடியாது, வேட்டை அவன் ரத்தத்தில் இருக்கிறது.

இனி கால்கரி. மைனஸ் 30ஐத் தாங்குமா என்று கேட்டீர்கள். வளர்ந்த, நலமான மலமூட் தாங்கும். வாலை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு பனிக்குள் சுருண்டு தூங்கும் நாய் அது. பாதத்துக்குப் போகும் சூடான ரத்தமும் அங்கிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தமும் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் ஓடுவதால் வழியிலேயே சூடு கைமாறிவிடும், அதனால்தான் பனியில் நின்றாலும் பாதம் உறைவதில்லை. ஆனால் தளியில் வளர்ந்த நாயை டிசம்பரில் கொண்டுபோய் இறக்குவது எனக்குச் சம்மதமில்லை. அடிமுடி தடிப்பது ஒரு நாளில் நடக்கிற காரியம் இல்லை. பகல் குறையக் குறைய, காற்று குளிரக் குளிர உடம்பு மெல்ல முடியைக் கூட்டும். தளியில் அந்தக் கட்டளை அரைகுறையாகத்தான் வரும். உங்கள் மகனை டிசம்பருக்குப் பதில் செப்டம்பரில் வரச் சொல்லுங்கள். அந்த ஊர் இலையுதிர் காலம் முழுவதையும் லியோ வெளியே அனுபவித்தால் ஜனவரிக்குத் தானே தயாராகிவிடுவான். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் சில விமான நிறுவனங்கள் நாய்களை ஏற்றுவதில்லை, அந்த வகையிலும் செப்டம்பர் கடைசி பரவாயில்லை.

காகித வேலையில் முக்கியமானது வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று. மைக்ரோசிப் இப்போதே போட்டுவிடலாம். புறப்படும் முன் மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டும், பெங்களூரில் அலுவலகம் இருக்கிறது. வெறிநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து விற்பனைக்கும் தத்துக்கும் வரும் நாய்களுக்குக் கனடா 2022 செப்டம்பர் 28 முதல் தடை போட்டிருக்கிறது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. சொந்தக்காரரோடு வருகிற வீட்டு நாய்க்கு அந்தத் தடை இல்லை. எனவே யாரோ தெரிந்தவர் மூலம் அனுப்பலாம் என்ற யோசனையே வேண்டாம், மகன் நேரில் வரட்டும். டிக்கெட் போடும் முன் விதிகளை ஒரு முறை சரிபார்க்கட்டும்.

அங்கே வைத்துக்கொள்வதைப் பற்றி மகனுக்குச் சொல்ல வேண்டியவை சில. குளிர் ஊரில் நாய்க்குத் தாகம் தெரியாது என்று நினைப்பார்கள். உண்மையில் பனியில் ஓடும் நாய் இரைத்து இரைத்தே நிறைய நீரை இழக்கும். கிண்ணத்துத் தண்ணீர் அரை மணியில் கல்லாகிவிடும், பனியைத் தின்று தாகம் தீர்ப்பது உடம்புச் சூட்டைத் தின்கிற வேலை. பனிவண்டிக்காரர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் இறைச்சிச் சாற்றைக் கலந்து ஆசைகாட்டிக் குடிக்கவைப்பார்கள். கோழி வேகவைத்த தண்ணீர் போதும். வெளியே நாய்வீடு வைத்தால் தரையிலிருந்து உயர்த்தி, காற்று அடிக்காத பக்கம் வாசல் வைத்து, உள்ளே வைக்கோல் போட வேண்டும். கம்பளி போட்டால் ஈரம் இழுத்து உறைந்துவிடும். வீட்டைப் பெரிதாகக் கட்டினாலும் தப்பு, அவன் உடம்புச் சூடு நிறைக்கிற அளவுதான் இருக்க வேண்டும். பாத இடுக்கில் பனி உருண்டு கட்டிக்கொள்ளும், அங்கே உள்ள முடியைக் கத்தரித்து மெழுகு தடவலாம், நீண்ட நடைக்குத் துணி ஷூ போடலாம். நடைபாதையில் பனி உருகக் கொட்டும் உப்பு பாதத்தை வெடிக்கவைக்கும், வீட்டுக்கு வந்ததும் கழுவ வேண்டும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் இனிப்பாக இருக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும். கால்கரியில் இன்னொரு வேடிக்கை, ராக்கி மலையிலிருந்து சினூக் என்று ஒரு காற்று இறங்கினால் சில மணி நேரத்தில் பனிக்காலம் வசந்தமாகிவிடும். அந்தச் சமயத்தில் உறைந்து கிடக்கும் ஏரியை நம்பி அவனை மேலே விடக் கூடாது.

எங்கே இருப்பது நல்லது என்ற கடைசிக் கேள்விக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், ஜனவரி மாதத்து எட்டு மணி நேரப் பகலிலும், அவனால் லியோவோடு வெளியே இருக்க முடியுமா? முடியும் என்றால் போகட்டும், அவனுக்கு அதைவிட நல்ல ஊர் இல்லை. ஹீட்டர் போட்ட பத்தாவது மாடி ஃபிளாட்டில் காலை எட்டுக்குப் பூட்டிவிட்டுப் போய் ராத்திரி ஏழுக்குத் திறப்பான் என்றால் உங்கள் மாமரத்தடியே மேல். அங்கே கோழி இல்லாததால் சோபாவைக் கிழிப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் 21 டிகிரியில் அடைபட்ட நாய்க்கு அது தளி மார்கழியைவிடச் சூடு.

இந்த வாரமே ஒரு முறை கூட்டி வாருங்கள், தோலைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் வரட்டும். தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள். பூ ஏற்றுகிற வண்டியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவராமல், காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள். நான் முன்னாடியே திறந்து வைத்திருக்கிறேன்.